இன்னும் இடம் இருக்கிறது

அத்தியாயம் 19

மரியபுஷ்பத்தின் வலது நுரையீரலின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. அதைப் பற்றிப் பாண்டிச்சேரி டாக்டர் நேற்று மாலை சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்தச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டில் எல்லோரும் ஒருவாறு தூங்கினார்கள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்கம்மாவுக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம்னு சொல்றீங்களே, அதைக் கொண்டாங்க" என்று பெரிய மகன் ஆரோனிடம் அவர் சொல்லியிருந்தார். "அதுல இந்தக் கட்டி இதே அளவுல இருந்தா, இது ஏதோ பழைய தழும்பு. தொட வேண்டாம். இல்லேன்னா புதுசு. நாளன்னிக்கே நெஞ்சைத் திறந்துதான் ஆகணும். அவங்க இதயம் இருக்கற நிலைமைக்குத் திறக்கறது எனக்கே பயமாத்தான் இருக்கு."

அந்தப் பழைய ஸ்கேன் விலா எலும்புக்காக எடுத்தது. பஸ் படியிலிருந்து விழுந்தபோது எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். முறியவில்லை என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. கையில் கொடுத்த ஃபிலிம்கள் மழை ஒழுகிய பரணில் கிடந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன.

ஆனால் மந்தாரக்குப்பத்தில் டாக்டர் சந்திரகலாவின் ஸ்கேன் சென்டரில் எடுத்த படங்கள் எல்லாம் அங்குள்ள சர்வரில் பத்திரமாக இருக்கும். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது யார்? மரியபுஷ்பத்தின் மருமகள், ஆரோனின் மனைவி எவாஞ்சலின். மைன்ஸில் வேலை பார்க்கும் ஆரோன் ஷிப்ட்டுக்கு லீவு சொல்லி, மதியத்துக்கு ஒரு ஆம்னி வேனையும் ஏற்பாடு செய்துவிட்டான்.

"காலையில போன உடனே சிடி போட்டு வெச்சுடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் எவாஞ்சலின் வீட்டிலிருந்து கிளம்பினாள்.

* * *

சென்டருக்குள் நுழைந்ததும் ஸ்கேன் எடுக்கும் கார்முகில் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. ஒரு பழைய வயித்து ஸ்கேன் கேட்டு வந்துருக்காங்க. தெறந்தா நடுவுல முதுகெலும்பு வருது. வேற யாரோடதோ."

எவாஞ்சலின் உட்கார்ந்து பார்த்தாள். சென்டர் திறந்த புதிதில் எடுத்த ஸ்கேன் அது. வயிறு, வயிறு, வயிறு, திடீரென்று யாருடைய முதுகோ. பெயர் மட்டும் பழைய நோயாளியின் பெயர்.

அதே மாதத்தில் எடுத்த இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் பாதிக்கு மேல் வேறு ஆளின் படம். இன்னொன்று திறக்கவே இல்லை.

திரையின் ஓரத்தில் சர்வர் அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது: ஐந்தில் ஒரு பங்கு இடம் இன்னும் காலி.



இரண்டு மாதம் முன்பு சர்வர் நிரம்பி வழிந்தது. அதில் ஐந்து டிஸ்குகள் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க் போல வேலை செய்தன. இன்னும் இரண்டைச் சேர்த்து இடத்தைப் பெருக்கிக் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன் ஜான். மைன்ஸில் பர்மனென்ட் வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்து அலுத்து, பண்ருட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்தவன். டாக்டரிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது எவாஞ்சலின்தான். அன்று மாலை அவன் வீட்டுக்கு லட்டு வாங்கி வந்தான்.

அவள் இணையத்தில் தேடினாள். சர்வருக்குள் டிஸ்குகளை ஆளும் கன்ட்ரோலர் கார்டின் பெயரைப் போட்டதும், அதைச் செய்த கம்பெனியின் பக்கம் வந்தது. இரண்டே வரிதான். அந்தக் கார்டுக்கு இரண்டு டெராபைட் வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் டிஸ்க் சேர்த்தால் இடம் இருப்பதாகக் காட்டும், எழுதவும் விடும். ஆனால் ஸ்கூட்டர் மீட்டர் முழுசாக ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, எண்ணிக்கை தீர்ந்ததும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடும்.

அதாவது இப்போது எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் பழைய ஒரு ஸ்கேனின் மேல் போய் விழுந்துகொண்டிருக்கிறது. சென்டர் திறந்த நாளிலிருந்து, வரிசையாக.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் டாக்டர் ஏன் என்பார். காரணம் சொன்னால் ஜானின் பெயர் வரும். அதோடு அவன் கடையும் போகும்.

அவள் செல்போனை எடுத்தாள்.

"ஜான், நீ கன்ட்ரோலரப் பத்திப் படிச்சியா? ரெண்டு டெராதானாம்."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"ஜான்?"

"அண்ணி... டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. இதோ பைக்க எடுத்துட்டேன். நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க அண்ணி, ப்ளீஸ்."

அவள் தொடவில்லை. காத்திருந்தாள்.

வடலூர் ரோட்டில் லாரியில் மோதிய ஒருவரை வெளியே ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. ஸ்கேன் மெஷின் உறுமுகிற சத்தம் சுவர் வழியாக வந்து நின்றது. சர்வரின் பச்சை விளக்குகள் மளமளவென்று மினுக்கின.

ஜான் வருவதற்குள் அத்தையின் சிடியையாவது முடித்துவிடலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. மரியபுஷ்பம் என்று தட்டினாள்.

கழுத்தெலும்பு வந்தது. நுரையீரலின் மேல்பாகம் வந்தது. கறுப்பாக, சுத்தமாக, ஒவ்வொரு படமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அவள் மூச்சை விட்டாள்.

அடுத்த படத்தில் ஒரு மண்டையோடு.

அதற்கடுத்தும் மண்டையோடு. அதற்கடுத்தும்.

மூலையில் சின்ன எழுத்தில் பெயர் இருந்தது. மாடசாமி. கீழே இன்றைய தேதியும் நேரமும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எடுத்தது. லாரியில் மோதியவர்.

எவாஞ்சலின் எழுந்து போய் கேபிளைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜானுக்குப் போன் செய்யாமல் இதை முதலில் செய்திருந்தால், அத்தையின் நுரையீரல் இன்னும் முழுசாக இருந்திருக்கும்.

* * *

"யாரு கேபிளக் கழட்டினது?"

டாக்டர் சந்திரகலா வாசலில் நின்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. இன்று பேசினார்.

"தலையில அடிபட்ட ஆளுக்கு நான் படம் பார்க்கணும். இங்க ஒண்ணும் வரல."

"மெஷின்லயே பார்க்கலாம் டாக்டர். அதுலயும் சேவ் ஆகும். சர்வருக்கு மட்டும் எதுவும் அனுப்பாதீங்க. பழைய ஸ்கேன் எல்லாம் அழிஞ்சுகிட்டு இருக்கு."

"அழியுதா? இடம் காலியா இருக்குன்னு நீதான போன வாரம் சொன்ன?"

"காட்டுது டாக்டர். ஆனா இல்ல."

"எனக்குப் புரியல. ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. சரியாயிடும்."

"வேண்டாம் டாக்டர்! மறுபடி ஸ்டார்ட் ஆகறப்ப சர்வர் தானாவே எல்லாத்தையும் சோதிச்சுப் பார்க்கும். குழம்பிக் கிடக்கறத எல்லாம் குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடும். மிச்சம் இருக்கறதும் போயிடும்."

டாக்டர் அவளையே பார்த்தார். "வெளிய உட்கார இடம் இல்ல எவாஞ்சலின். இன்னும் கொஞ்ச நேரம் தரேன். அதுக்குள்ள என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு எனக்குத் தெளிவா சொல்லணும். இல்லேன்னா நானே ஸ்விட்ச அமுக்கிடுவேன்."

* * *

ஜான் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடி வந்தான். வந்ததும் நேராக சர்வரின் முன் மண்டியிட்டான்.

"நான் போட்ட ரெண்டையும் நானே கழட்டிடறேன் அண்ணி. பழையபடி ஆயிடும்."

அவன் கையை எவாஞ்சலின் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத. பழையபடி எப்படி ஆகும்? நீ சேர்த்தப்பவே எல்லாத்தையும் பிச்சு ஏழு டிஸ்குலயும் பரப்பியாச்சு. ரெண்ட உருவினா ஏழும் சாகும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

"அம்மாவோடது?" என்று கேட்டான்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"டிஸ்கு சேர்க்கறப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு அண்ணி."

"என்ன மெசேஜ்?"

"அளவு தாண்டுது, தொடரட்டுமான்னு. மொதல்ல படிக்காமத்தான் ஓகே குடுத்தேன். குடுத்தப்புறம் படிச்சேன். பாதியில நிறுத்தினா எல்லாம் போயிடும்னு பயந்து விட்டுட்டேன். அப்புறம் நல்லாத்தான ஓடிச்சு... ரெண்டு மாசமா நல்லாத்தான ஓடிச்சு..."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே ஜான்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான்.

* * *

மரியபுஷ்பம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஊருக்குப் போகிற புடவை, கையில் துணிப்பை, அதில் மாற்றுத் துணியும் ஜெபமாலையும். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். எவாஞ்சலின் வெளியே வந்ததும் முகம் மலர்ந்தது.

"எவா, இவருக்கு ஊரு வளையமாதேவி. தங்கராசுன்னு பேரு. இவுரு சம்சாரத்துக்கும் பழைய ஸ்கேன்தான் வேணுமாம். ஜிப்மர் ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்களாம். நம்மள மாதிரிதான்."

தங்கராசு எழுந்து கும்பிட்டார். "மாரியம்மாள்னு பேருங்க. மூளையில கட்டி, மூணு வருசமா மாத்திர சாப்ட்டுகினு இருக்குது. அது வளந்திருக்குதா, சுருங்கியிருக்குதான்னு பாக்கணுமாம். இங்கதாங்க எடுத்தது. மொத ஸ்கேனு. இந்த எடம் தொறந்த புதுசுல."

திறந்த புதுசில். எவாஞ்சலினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உட்காருங்கய்யா, பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியாரை உள்ளே அழைத்துப் போனாள்.

தரையில் உட்கார்ந்திருந்த இளைய மகனைப் பார்த்ததுமே மரியபுஷ்பத்துக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியை எவாஞ்சலின் சொன்னாள். கட்டி இருக்கிற அடிப்பாகம் போய்விட்டது, மேல்பாகம்தான் மிச்சம் என்றாள்.

மரியபுஷ்பம் கட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா, இவன் பண்ணதுன்னு?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதம்மா. மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. இவன் இப்பதான் தலையெடுத்துகினு வரான். மந்தாரக்குப்பம் முழுக்கத் தெரிஞ்சா எவன் இவங்கிட்ட வேல குடுப்பான்? என் நெஞ்ச அறுத்தா அறுத்துட்டுப் போறாங்க."

"அத்தை, காரணம் சொல்லலேன்னா டாக்டர் ஸ்விட்ச அமுக்கிடுவாங்க. உங்களோடது மட்டும் இல்ல, வெளிய உட்கார்ந்திருக்காரே, அவங்க வீட்டம்மாவோடதும் போயிடும்."

மரியபுஷ்பம் மருமகளின் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "எம்மவன் எவா."

அப்போது டாக்டர் சந்திரகலா உள்ளே வந்தார். கார்முகில் பின்னால் நின்றான்.

"சொல்லு எவாஞ்சலின்."

எவாஞ்சலின் வாயைத் திறப்பதற்குள் ஜான் எழுந்து நின்றான்.

"நான்தான் டாக்டர். அந்தக் கார்டு தாங்காத அளவுக்கு டிஸ்க் சேர்த்துட்டேன். எச்சரிக்கை வந்துச்சு. அதத் தாண்டிட்டேன். அண்ணிக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரியும். அவங்க சொல்றதக் கேளுங்க. தயவுசெஞ்சு ஆஃப் பண்ணாதீங்க."

மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

 டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்கிட்ட அப்புறம் பேசறேன். எவாஞ்சலின், இவங்க படத்தக் காட்டு. எங்க வரைக்கும் இருக்கு?"

படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆரோனும் வந்து கதவருகே நின்றுவிட்டான். வெளியே வேன் ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

மண்டையோடு வருவதற்கு முந்தின கடைசிப் படத்தில் டாக்டர் கையை உயர்த்தினார். "நிறுத்து."

வலது பக்கம், கீழே, வெள்ளையாக ஒரு பிறை. நகக்கண் அளவுதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அறையில் சர்வரின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரத்தக்குழாயா டாக்டர்?" என்று கேட்டான் கார்முகில், மெதுவாக.

"இல்ல. கட்டியோட மேல் விளிம்பு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கே இருந்திருக்கு."

ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ரிப்போர்ட் எழுதியவர் அவர்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். 

"அளவு சொல்ல முடியுமா?" என்றான் ஆரோன்.

"முடியாது. விளிம்பு மட்டும்தான் இருக்கு. அடுத்த நாலஞ்சு படம் இருந்திருந்தா மில்லிமீட்டர் கணக்காச் சொல்லியிருப்பேன்."

அவர் தன் லெட்டர்பேடை எடுத்து எழுதினார். மூன்று வருடம் முன்பே கட்டி இருந்தது, அன்றைய ரிப்போர்ட்டில் தான் அதைக் குறிப்பிடவில்லை, அளவு தெரியவில்லை. அடியில் கையெழுத்தும் போட்டு ஆரோனிடம் நீட்டினார்.

"இதையும் சிடியையும் பாண்டிச்சேரி டாக்டர்கிட்ட குடுங்க. அவர் எனக்குப் போன் பண்ணட்டும். நான் பேசறேன்."

* * *

வேனில் மரியபுஷ்பம் ஏறி உட்கார்ந்தாள். ஜான் கீழே நின்றான், ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

ஆரோன் அவனைப் பார்க்காமலே பேசினான். "அளவு மாறலேன்னு தெரிஞ்சிருந்தா ஆபரேஷனே வேணாம்னு சொல்லியிருப்பாரு. இப்ப அம்மா உயிர அந்த ஒரு விளிம்புக் கோட்டுல நிறுத்திட்ட. உனக்குச் சந்தோஷமா?"

ஜான் தலையைக் குனிந்துகொண்டான்.

எவாஞ்சலின் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாடசாமியின் பெயரையும் நேரத்தையும் அவள் ஒருத்திதான் படித்தாள்.

"அவன மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "அத்தையோட படம் இன்னிக்குக் காலையிலதான் அழிஞ்சுது. நான் விஷயத்தக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம். உடனே கேபிளப் பிடுங்கியிருக்கணும். ஜான் பேரு கெட்டுடுமேன்னு அவன் வரட்டும்னு காத்துகிட்டு இருந்தேன். அந்த நேரத்துலதான் போச்சு."

ஆரோன் அவளையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு முன்பக்கம் போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மரியபுஷ்பம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அழுதிருந்தாள்.

"ரெண்டு பேரும் இப்படி நடுரோட்டுல நிக்காதீங்க. உள்ள போங்க. அந்த வளையமாதேவிக்காரரு காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்காரு. அவுருதாச்சும் எடுத்துக் குடுங்க."

வேன் கிளம்பியது.

* * *

ஜான் தன் கடையிலிருந்த எல்லா டிஸ்கையும் வரவழைத்தான். புதிய ஸ்கேன்களிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வெளியே நகலெடுத்தார்கள். சர்வர் அடிக்கடி திணறி நின்றது. நிற்கும்போதெல்லாம் இருவரும் காத்திருந்தார்கள். மறுபடி அது நகரும்போது ஜான் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆனால் அதற்கும் முன்னால் தேடியது மாரியம்மாளைத்தான். பெயர் இருந்தது. தேதி இருந்தது. திறந்தபோது ஒரு படம்கூட அவளுடையதாக இல்லை. யாருடைய இடுப்போ, யாருடைய முழங்காலோ. அது இன்று அழிந்ததல்ல. போன வாரமே அழிந்திருந்தது.

ஜான் வேறு வழிகளில் மறுபடி மறுபடி தேடிக்கொண்டே இருந்தான். "இருக்கும் அண்ணி, எங்கயாச்சும் ஒரு துண்டு இருக்கும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். எவாஞ்சலினும் தடுக்கவில்லை. வெளியே போய் அந்த மனிதரிடம் சொல்வதைவிட இது சுலபமாக இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் ஆரோனின் எண்ணிலிருந்து போன் வந்தது. எவாஞ்சலின் எடுத்தாள். பேசியது மரியபுஷ்பம்.

"எவா, டாக்டரு படத்தப் பாத்தாரும்மா. அந்தம்மா எழுதிக் குடுத்ததையும் படிச்சாரு. அப்பவே இருந்திருக்குது, அவசரப்பட வேணாங்கறாரு. நாளைக்கு ஆபரேஷன் இல்ல. பெரிய டாக்டரு வியாழக்கெழம வராராம், அவரு பாத்துட்டுத்தான் அறுக்கணுமா வேணாமான்னு முடிவாம். அதுவரைக்கும் இங்கயே வெச்சுக்கறாங்க."

"அத்தை..." எவாஞ்சலின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உங்க பெரிய புள்ள பக்கத்துல இருக்காரா?"

"இருக்கறான். பேசற மனசு இல்ல அவனுக்கு. விடு." சற்று நிறுத்தினாள். "அவருக்குக் கெடச்சுதா? மாரியம்மாளுது?"

எவாஞ்சலின் கண்ணாடிக் கதவின் வழியே பார்த்தாள். காத்திருக்கும் கூடம் காலியாகிவிட்டது. தங்கராசு மட்டும் அதே பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கெடைக்கல அத்தை. ஒண்ணுகூட இல்ல."

"அவருகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போய்ச் சொல்லும்மா" என்றாள் மரியபுஷ்பம். "காக்க வெக்காத."

எவாஞ்சலின் போனை வைத்தாள். திரையைவிட்டுக் கண்ணெடுக்காமலே ஜான், "நானும் வரேன் அண்ணி" என்றான். பிறகு எழுந்தான்.

கதவு திறந்த சத்தம் கேட்டதும் தங்கராசு பையை இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது.